கவலையால் வந்ததோ?

தமிழ் அகதிகளின் குடும்பங்களை டென்மார்க் அரசு நாட்டுக்குள் விடாமல் இழுத்தடித்த காலம். ஹோர்சன்ஸ் நகர மருத்துவமனையில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கப் போகும்போதுதான் அந்த யாழ்ப்பாணத்து அக்காவைச் சந்தித்தேன். மார்பில் கட்டி. மெலிந்த உடம்பில் யாரோ கொடுத்த ஆண்களின் கோட்டு தொங்கும். மருத்துவர் எதைக் கேட்டாலும், நான் மொழிபெயர்க்குமுன்பே “ஓம்” என்றுவிடுவார்.

புற்றுநோய்தான் என்று பரிசோதனை முடிவு வந்த அன்று முதன்முறையாக அவரே கேட்டார்.

“தம்பி, அவரையும் பிள்ளையளையும் விடுறாங்களில்லை எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் இது வந்ததோ? கேளும்.”

மருத்துவர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு நிதானமாக விளக்கினார்.

“இல்லையாம் அக்கா. ‘வளர்’ எண்டு செய்தி வந்தாத்தான் உயிர்க்கலங்கள் பெருகுமாம். அந்தச் செய்தியை வாங்கச் செய்யிற மரபணு உங்கட கட்டியில பல மடங்காப் போச்சாம். அதால ஆரும் சொல்லாமலே அது வளர்ந்துகொண்டிருக்காம்.”

“அதை நிப்பாட்ட மருந்து?”

“இன்னும் கண்டுபிடிக்கேல்லையாம்.”

அக்கா கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, “கவலையால வரேல்லை எண்டதை அவருக்கும் சொல்லோணும். தான் வராததாலதான் எண்டு நினைச்சுப்போடுவார்” என்றார்.

கணவருக்கு அனுமதி கிடைத்தது. பல வருடங்கள் கழித்து அந்த மருந்தும் வந்தது. அக்காவுக்கு இரண்டுமே பிந்திவிட்டன.

வந்திறங்கிய கணவரிடம் மருத்துவர் சொன்னதை நான்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“சரி தம்பி, நோய் கவலையால வரேல்லை. ஆனா கவலையோடதானே போனவ?”