மழைக்குக் கட்டிய பந்தயம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது. அதனால் நாற்பது வருடம் வானத்தைப் பார்த்தே மழையைச் சொன்னவள் நான்.

இங்கே இலங்கையில், கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான், அவளும் பால் வெட்டியவள். காதில் தோடு இல்லை. வானத்தைப் பார்ப்பாள், போனைத் தட்டுவாள், மறுபடியும் வானத்தைப் பார்ப்பாள்.

"என்னங்க பாக்குறீங்க?"

"கிரிக்கெட் பெட்டுங்கக்கா. மழையில ஆட்டம் நின்னுரும்னு தோடு வித்த காசைக் கட்டியிருக்கேன்."

கருமேகத்தை நானும் பார்த்தேன். எனக்கும் தெரிந்த வித்தை இவளுக்கு மட்டும் காசாகப் போகிறதே என்று வயிறெரிந்தது.

மழை கொட்டியது. போனில் ஆட்டம் நிற்கவில்லை. முன்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மேட்ச் இந்தியாவுலதானே நடக்குது, ஆச்சி."

அவள் வெறுங்காதைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மழை வரும்னேன், வந்துச்சா இல்லையாக்கா?" என்று சிரித்தாள்.

என் தோடு என் காதில் பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் பேத்தியிடம் சொன்னேன்: "திரும்ப வாசி, புள்ள. வயிறெரிஞ்சதை விட்டுட்டியான்னு பாக்கணும்."