மெஸ் அண்ணனின் சுண்டுவிரல்

வளைகுடாவில், அஜ்மான் தொழிலாளர் கேம்பில் எங்களுக்குச் சமைத்த அண்ணனுக்குப் பழைய ஜப்பானிய ரவுடிப் படங்கள் என்றால் உயிர். வெங்காயம் உரிக்கும்போதும் எதிரே போனில் யகுசா ரவுடிகள் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணி அடிபிடித்துவிட்டது.

"கேம்ப் பாஸ்கிட்ட சொல்லுவோம். கலாஸ், முடிஞ்சுது, ஆளு ஊருக்குப் போகட்டும்" என்று எல்லோரும் கொதித்தார்கள்.

அண்ணன் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து மண்டியிட்டார். வெள்ளைத் துணியை விரித்து, அதில் சுண்டுவிரலை வைத்துக் கத்தியை ஓங்கினார்.

"தப்பு பண்ணுனா யகுசா ஆளுங்க இப்படித்தான் விரலை வெட்டி மன்னிப்புக் கேப்பாங்க தம்பிகளா."

"ஐயோ, வேணாம்ண்ணே!" என்று முதலில் அலறியவன் நான்.

"அப்ப தட்டை எடுங்க" என்றார்.

தீய்ந்த சோற்றைத் தின்று முடித்தோம். புகாரும் போகவில்லை.

கத்தியின் மழுங்கிய பக்கம்தான் விரலை நோக்கி இருந்தது. அதைப் பார்த்த பிறகும் ஏன் அலறினேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.