பெரியப்பா துண்டைத் தூக்கிய நாள்

என் அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. என்னை வளர்த்தவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை நல்ல மனிதர் என்பார்கள். எதனால் என்று என்னைக் கேட்டால் ஒரு சம்பவத்தைச் சொல்வேன். அது போதும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு எல்லாரும் அல்லாடிய வருஷம். எனக்கு அப்போது மீசை முளைத்திருந்தது; பெரியப்பாவுக்குச் சமமாக ஏர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடி நடக்கும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கரையில் நின்று ஊர்ப் பெரியவர் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால் சுற்று ஊர்களெல்லாம் கூடையும் வலையுமாக இறங்கிவிடும். எங்கள் ஊரில் துண்டை வீசுகிறவர் பெரியப்பா. கடைசி வயலுக்கும் தண்ணீர் பாய்ந்து முடிந்தது என்று தானே நடந்து பார்த்த பிறகுதான் வீசுவார்.

அந்த வருஷம் ஒரு வயலைத் தவிர எல்லாம் அறுப்பாகிவிட்டன. அந்த வயல்காரி புருஷனை இழந்தவள். உழவுக்கு மாடு கிடைக்காமல் பிந்தி நட்டிருந்தாள். கதிரில் பால் பிடிக்கிற நேரம். கண்மாய்ப் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அதை இறைகூடையால் இறைத்துக்கொள், அதுவரை மீன்பிடி கிடையாது என்று பெரியப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் வற்றிய தண்ணீரில் விரால் துள்ளுவதை யாரோ பார்த்துவிட்டார்கள். சேதி பரவி, ஒரு நாள் காலையில் கண்மாய்க் கரை நெடுக ஜனம். பசி பிடித்த முகங்கள். நானும் பெரியப்பாவும் ஓடினோம்.

“இன்னிக்கு இல்லங்க! எல்லாரும் போயிட்டு அடுத்த வாரம் வாங்க!” என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. இரைச்சலை அமர்த்துவதற்காகத் தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் ஆட்டினார்.

அவ்வளவுதான். அந்தக் கரைக்கோடியில் நின்றவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரிந்தது. ஹோவென்று இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பெரியப்பா இடுப்பு வேட்டியோடு சேற்றில் இறங்கி, “ஏறுங்கப்பா, ஏறுங்க!” என்று ஆள் ஆளாகப் பிடித்து இழுத்தார். வெயில் ஏறுவதற்குள் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. கூழ் மாதிரிச் சேறுதான் கிடந்தது.

பெரியம்மாவின் தம்பி கூடை நிறைய மீனோடு வந்தார். “என்ன மச்சான், வாங்கன்னு சொல்றதுக்கும் துண்டு, வராதீகன்னு சொல்றதுக்கும் துண்டா? இந்தாங்க, ஒங்க பங்கு விராலு.”

“எடுத்துக்கிட்டுப் போயிரு. இன்னிக்கு எனக்கு எறங்காது.”

அந்த வயல்காரி வந்து கரையில் நின்று சேற்றைப் பார்த்தாள். அழவில்லை. “என் தலவிதி அண்ணே. ஒங்கள என்ன சொல்ல?” என்றாள்.

“விதியா ஆத்தா துண்டத் தூக்குச்சு? நாந்தானே தூக்குனேன்.”

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. “வெளியூர்க்காரன் எறங்குனதுக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்றார் ஒருவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரியப்பா ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அன்றோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும்.

“எறங்குனது அவுக காலு. தூக்குனது என் கையி. நான் என் கைக்கு வழி பாக்குறேன்” என்றார்.

எங்களுக்கு ஒரு கிணறு இருந்தது. அவள் வயலுக்கு மேல்பக்கம். அந்தத் தண்ணீரில்தான் மிளகாய் போட்டிருந்தோம். பூவும் பிஞ்சுமாக நின்றது. கோடையில் அந்தக் கிணறு ஒன்றுக்குத்தான் தாங்கும்: எங்கள் மிளகாய்க்கு, அல்லது அவள் நெல்லுக்கு. மறுநாள் விடியும்போது பெரியப்பா வாய்க்காலை அவள் வயல் பக்கம் வெட்டித் திருப்பிவிட்டார். நான் மாடுகளைக் கமலையில் பூட்டித் தண்ணீர் இறைக்கத் தொடங்கினேன்.

பெரியம்மா கிணற்றடிக்கே வந்துவிட்டாள். “மொளகா காயுதே, கண்ணு தெரியலையா?”

“காஞ்ச மொளகாய்க்குத்தாண்டி வெல கூட.”

“செடி காஞ்சா? அத எந்தச் சந்தையில விப்பீக?”

கமலைச் சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீர் கொட்டியது. பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மிளகாய்ப் பக்கம் தண்ணீர் கசிந்த வாய்க்கால் உடைப்பில் ஒரு கூடை மண்ணை அவளே அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தினமும் காலையில் இறைத்தோம். எங்கள் மாடுகள் அலுத்துவிட்டபோது பெரியம்மாவின் தம்பி தன் ஜோடியை ஓட்டிக்கொண்டு வந்தார். “மாடு சும்மா நிக்குது மச்சான், அதான்” என்றார். வயல்காரி மடை பார்த்தாள். அவளிடம் பெரியப்பா ஒரு நாளும் ஆறுதல் பேசவில்லை. எந்தப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்று மட்டும் கேட்பார். வயலின் கீழ்மூலை பதராகிப்போனது. மற்றதெல்லாம் நெல்லாகத் தலை சாய்ந்தது. எங்கள் மிளகாய் சருகாகிவிட்டது.

கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச எனக்கு இன்றும் வராது. படிப்பும் ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு காரியம் கெட்டுப்போய், அதில் என் கை இருந்தால், பிறர் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு அதைச் சரிசெய்யவும் இறங்கிவிடுவேன். இந்த ஒன்றில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை. பெரியப்பா அதை எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் கமலை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

அறுப்பு முடிந்ததும் வயல்காரி ஒரு சுளகில் புது அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பெரியப்பா திருப்பிக் கொடுக்கப் போனார். “வைங்க அண்ணே, தங்கச்சி வீட்டுச் சோறு திங்க மாட்டீகளா?” என்றாள். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கே பெரியம்மா உலை வைத்தாள். விறகுக்குப் பிடுங்கிப் போட்டிருந்த மிளகாய்ச் செடிகளை அடுப்பில் செருகினாள். செடியில் ஒட்டிக்கிடந்த பிஞ்சுகள் கருகி, வீடு முழுக்க நெடி. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்ட எல்லாரும் வாசலுக்கு ஓடினோம்.

“பாருங்க, ஒங்க மொளகா வெளஞ்சிருச்சு!” என்றாள் பெரியம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பெரியப்பா இருமலுக்கு நடுவே சிரித்தார். “சோறு வெந்துச்சான்னு பாரு, போ” என்றார்.