கரையாத கடல்பாசி

போன நத்தார்ப் பண்டிகை விருந்துக்கு நான் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்த வட்டிலப்பம் முக்கால்வாசி மிஞ்சிவிட்டது. என் கணவரின் தம்பி மனைவி முள்ளியவளையிலிருந்து கொண்டுவந்த கோப்பிப் புடிங்கின் பாத்திரத்தையோ கழுவவே தேவையிருக்கவில்லை. அப்படி வழித்துத் துடைத்திருந்தார்கள். மிஞ்சிய வட்டிலப்பத்தை நான் ஒருத்தியாய் இருந்து தின்று முடித்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் வயிறு எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் புடிங் இல்லை, என் கணவரின் தாய், மாமிதான். ஆட்டிறைச்சிக் கறியும் மஞ்சள் சோறும் சாப்பிட்டு முடித்த எல்லோருக்கும் முன்னால், அந்தச் சின்ன மருமகளைப் பார்த்து, "பஞ்சு மாதிரிக் கிடக்கு பிள்ளை. வாயில வைக்கப் போயிடுது" என்றார். நாங்கள் முரசுமோட்டையில் மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வாய்க்கு மூன்று நேரமும் சமைத்துப் போடுகிறவள் நான். என் சமையலுக்கு மாமி சொல்லும் ஆகப் பெரிய பாராட்டு, "இண்டைக்கு உப்புப் பரவாயில்லை" என்பதுதான். சின்னவள் வருடத்தில் ஒருநாள் வருவாள், கண்டறியாத ஒரு புடிங்கோடு. அவளுக்குப் பஞ்சு, எனக்கு உப்பு.

மாமி என் வட்டிலப்பத்தைத் தள்ளி வைத்தது ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம்தான் அவருக்குப் பொய்ப்பல்லுச் செற் கட்டியது. பஸ்ஸில் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தவள் நான். வரும் வழியிலேயே, "சின்னவனுக்கும் சொல்லாதை, அவன்ர மனிசிக்கும் சொல்லாதை" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். இந்த வயதிலும் மாமிக்குத் தன் வடிவில் அவ்வளவு கவனம். வட்டிலப்பத்தில் நான் தாராளமாக அள்ளிப் போட்ட கஜுப் பருப்பு அந்தச் செற்றுக்குள் போய்க் குத்தியிருக்கிறது. அதைச் சபையில் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதனால் இந்த முறை நத்தார் நெருங்க முதலே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வயிற்றுக்குப் பாரமில்லாத ஒன்றாக இருக்கவேண்டும். முதல்நாளே செய்து வைக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும், ஏனென்றால் நத்தாரன்று காலைப் பூசையால் வந்து இறைச்சியோடு மல்லுக்கட்டவே நேரம் காணாது. பழங்களை வெட்டி ஐஸ்கிறீமோடு கொடுக்கலாம். ஆனால் அதில் என் கை எங்கே இருக்கிறது? கடைக்காரனைத்தான் புகழ்வார்கள். தயிரும் பனம்பாணியும் கொடுத்தால், இவளுக்கு வேலை செய்யப் பஞ்சி பிடித்துவிட்டது என்பார்கள். கஜு போடாமல் வட்டிலப்பம் செய்யலாம் என்று பார்த்தால், போன வருடத்து முகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. புடிங் எனக்கும் செய்யத் தெரியும். ஆனால் அவளைப் பார்த்துச் செய்தவள் என்ற கதை வருமே! அதைவிட விருந்தே வைக்காமல் விடலாம்.

கடைசியில் கடல்பாசி என்று முடிவெடுத்தேன். கீழே தேங்காய்ப்பால், மேலே இளநீர், நடுவில் வழுக்கைத் துண்டுகள். கடல்பாசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் காய்ந்த நார்களைக் காய்ச்சி ஊற்றிவிட்டால் பிரிஜ் இல்லாமலே இறுகிவிடும். மார்கழி மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யார் கண்டது? அவள் புடிங்குக்குப் போடுகிற ஜெலற்றின் அப்படியில்லை, குளிர் விட்டால் அதுவும் விட்டுவிடும். இதை நினைத்ததும் எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. நல்ல சந்தோசம் என்று சொல்லமாட்டேன்.

மாமி கோயிலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் சின்னத் தட்டம் ஒன்றில் செய்து பார்த்தேன். வயலுக்குப் புறப்பட்ட இவரை மறித்து ஒரு துண்டு கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "கொஞ்சம் ஆடுது. அவளின்ர புடிங் எண்டா..."

"எண்டா? சொல்லுங்கோவன்."

"ஒண்டுமில்லையப்பா."

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் நழுவிவிட்டார். ஆடுதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமையே சின்னவள் போன் எடுத்தாள்.

"அக்கா, இந்த முறை என்ன செய்யிறீங்கள்?"

"வேறென்ன, வட்டிலப்பம்தான்."

"நான் புடிங் கொண்டு வாறன். மாமிக்கு அது விருப்பமெல்லே."

மாமிக்கு எது விருப்பம் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். "ஓம் ஓம், கொண்டு வா தங்கச்சி" என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு அரை மணித்தியாலம் குசினியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் காற்றும் மழையும் ஒன்றாய்ப் பிடித்தன. பாலன் குடிலைச் சுற்றி இவர் கட்டிய மின்குமிழ்கள் ஒருமுறை மினுங்கி அணைந்தன. "ஐயோ, நாளைக்கு நத்தாரெல்லே!" என்று மாமி தலையில் கை வைத்தார். நான் அடுப்படியில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். அப்படியும் பயம் விடவில்லை. ஆடக் கூடாது, கரையக் கூடாது, வெட்டினால் விளிம்பு நிற்கவேண்டும். கொதித்துக்கொண்டிருந்த கடல்பாசிக்குள் இன்னொரு பிடி நார் அள்ளிப் போட்டேன். "ஆடுது" என்ற சொல் திரும்பவும் காதில் கேட்டது. இன்னும் ஒரு பிடி போட்டேன்.

மறுநாள் நாங்கள் பூசையால் வந்தபோதும் கரண்ட் வரவில்லை. மத்தியானம் போல் கணவரின் தம்பியும் சின்னவளும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இருவரும் தெப்பமாய் நனைந்திருந்தார்கள். அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது, ஐஸ் அடைத்த ஒரு றெஜிபோம் பெட்டி. நேரே குசினிக்குக் கொண்டுவந்து திறந்தாள். பாத்திரத்துக்குள் புடிங் இல்லை, மண்ணிறத் தண்ணீர் ஒன்று அலம்பிக்கொண்டிருந்தது.

"எங்கட பக்கமும் நேற்றுக் கரண்ட் போயிட்டுது அக்கா. ஐஸ் வாங்கி அடைஞ்சு கொண்டு வந்தனான். அப்பிடியும்..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுக்கென்ன தங்கச்சி, மழை செய்த வேலை" என்றேன். சொல்லிக்கொண்டே, என் தட்டத்தை மூடியிருந்த துணியை அவள் பார்க்க எடுத்தேன். கடல்பாசி கண்ணாடி போல நின்றது.

சாப்பாடு முடிந்ததும் அதை மேசையில் வைத்துச் சாய்சதுரமாக வெட்டினேன். கத்திக்கு ஒரு துண்டும் சிதையவில்லை. "பாக்கவே வடிவாக் கிடக்கு" என்றார் கணவரின் தம்பி. முதல் துண்டை மாமிக்கு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஒரு வருடமாகக் காத்திருந்த சொல் அந்த வாயிலிருந்து வரவேண்டும்.

மாமி மென்றார். பிறகும் மென்றார். கன்னம் ஒரு பக்கம் புடைத்து, மற்றப் பக்கம் போய், திரும்பி வந்தது. நான் அவசரமாக ஒரு துண்டை என் வாயில் போட்டேன். பல்லெல்லாம் உறுதியாக இருக்கிற எனக்கே தாடை நொந்தது. ஆண்டவரே! அந்தச் செற்றைக் கட்டக் கூட்டிக்கொண்டு போனவளே நான். இந்தத் தட்டத்தைச் செய்யத் தொடங்கியதே அதை நினைத்துத்தான். அவளின் புடிங் கரைய வேண்டும், என்னுடையது கரையக் கூடாது என்ற விசரில் அந்த வாயையே மறந்துவிட்டேன்.

மாமி சேலைத் தலைப்புக்குள் இருந்த லேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு மேசைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்து லேஞ்சியை அதற்குள் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. உள்ளே என்ன என்று நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"எங்கை பிள்ளை உன்ர புடிங்?" என்று கையால் வாயை மறைத்தபடி சின்னவளைக் கேட்டார்.

"அது கரைஞ்சு போச்சு மாமி."

"கரைஞ்சா என்ன? கோப்பையில ஊத்திக்கொண்டு வா."

ஊற்றிக்கொண்டு வந்தாள். மாமி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடு. சோக்காக் கிடக்கு." நான் ஒரு கையில் பல்லோடு இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது சும்மா இல்லை.

எழுந்து குசினிக்குப் போய் ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு லேஞ்சியை அவிழ்த்தேன். பின்னால் சின்னவள் வந்து நின்றாள்.

"மாமிக்குப் பல்லுக் கட்டினதே?"

இனி எதை மறைக்க? "ஓம். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவா."

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் கிடைத்த புகழெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது. "நான் மழையில நனைஞ்சு, மடியில வைச்சுக் கொண்டு வாறன்" என்றாள். "அவா உங்களிட்டயெல்லே கழட்டிக் குடுக்கிறா."

அந்த எரிச்சலை எனக்குத் தெரியாதா?

"தாங்கோ அக்கா," என்று கையை நீட்டினாள். "நான் கழுவிக் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

கொடுத்திருக்கலாம்தான். நான் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அவா என்னட்டத்தான் வாங்குவா" என்றேன்.