எந்த வேலை சொன்னாலும் தட்டமாட்டாள்

பிள்ளைகளா, உங்கள் அக்கா பிரான்சுக்குப் போன கோடையில் நீங்கள் இரண்டு பேரும் சின்னவர்கள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கினாள் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நான் செய்த தப்பை அவள் சொல்லியிருக்கமாட்டாள். நானே எழுதிவிடுகிறேன்.

இப்படிப் போவதற்கு ‘ஓ பேர்’ என்று பெயராம். காலையில் அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தங்க அறை, சாப்பாடு, கைச்செலவு. மத்தியானம் பிரெஞ்சு வகுப்பு. பிரெஞ்சு டீச்சர் ஆக வேண்டும் என்று இருந்தவள் அந்த வகுப்புக்காகத்தான் போனாள்.

புறப்படுவதற்கு முன் அந்த வீட்டம்மா வீடியோ காலில் வந்தார். நான் கைகூப்பினேன்.

“எம் பொண்ணு எந்த வேலை சொன்னாலும் தட்டமாட்டா. உங்க வூட்டுப் பொண்ணா நெனச்சி வேலை வாங்கிக்கிங்க.”

அக்கா தயங்கினாள். “இதெல்லாம் வேணாம்ப்பா.”

“மரியாதைக்குச் சொல்றதுதான? அப்பிடியே சொல்லு.”

பிரெஞ்சில் சொன்னாள். பெண்ணை ஒரு வீட்டுக்கு அனுப்பும்போது நம் பக்கம் எல்லாரும் சொல்கிற பேச்சு அது. “அய்யோ, அவ எங்க பொண்ணுங்க, வேலையா வாங்குவோம்?” என்று எதிரில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அந்தம்மா “நன்றி” என்று மட்டும் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். வீட்டுத் துணி முழுக்க அயர்ன் பண்ணவேண்டும், ஜன்னல் துடைக்கவேண்டும், கார் நிறுத்துகிற இடத்தைக் கழுவவேண்டும். வகுப்புக்குப் போய் ஆறு நாள் ஆகிவிட்டது.

“கோவமாக்கூட சொல்லலப்பா. ‘உங்க அப்பாதான சொன்னாரு’ன்னு சிரிச்சிக்கிட்டே குடுக்குறாங்க.”

“வரச் சொல்லுங்க பொண்ண” என்றாள் உங்கள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. என் வாயால் போன வகுப்பு என் வாயாலேயே திரும்ப வரவேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு, அக்காவுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பார்க்கச் சிதம்பரம் போனேன்.

டீச்சர் சிரித்தார். “சம்பந்தி வூட்டுல பேசுற மாதிரி பேசிட்டீங்களா? அங்க சொன்னா சொன்னதுதாங்க.”

நான் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். ‘நான் சொன்னது தப்பு, என் மகள் மத்தியானம் வகுப்புக்குப் போகவேண்டும்’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எட்டாவது படித்தவன் நான். கடலூர் பஸ் முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரர் பயந்துவிட்டார். “மாமா, யார இப்பிடி திட்டிக்கிட்டே வர்றீங்க?”

“என்னையேதாங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் அந்த வீட்டம்மா. நான் காகிதத்தை எடுத்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“நீ பேசாதப்பா. நானே சொல்லிக்கிறேன். நீ அங்கயே இரு, போதும்.”

சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. அந்தம்மா முகம் இறுகியது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“இப்பிடித்தான் நீயும் நெனைக்கிறியான்னு கேக்குறாங்கப்பா.”

“எம் பொண்ணு சொல்றதுதான் சரி. நான் அன்னிக்கி சொன்னது தப்புங்க.”

இந்தத் தடவையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அந்தம்மா தலையாட்டினார். திங்கட்கிழமை முதல் வகுப்பு. சனிக்கிழமை ஜன்னல் துடைக்கிற வேலை மட்டும் கடைசிவரை அக்கா தலையில்தான் இருந்தது. பரவாயில்லை என்றாள். மூன்று மாதமும் இருந்து, வகுப்பை முடித்துக்கொண்டுதான் வந்தாள்.

அன்று வீடியோ கால் முடிந்ததும் நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். லீவு நாள், யாரும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தப் பிரெஞ்சு வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். பிறகு காகிதத்தை மடித்து, ஸ்பானர் பெட்டியில் அடித்தட்டில் வைத்து மூடினேன்.