கைச்சுற்று பன்னிரண்டு

சர்வரில் இருக்கும் விவரத்தைப் பொட்டலமாகக் கட்டி வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஒழுங்காகப் போனால் யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். தப்பாகப் போனால் மறக்க மாட்டார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

மெதுவாக ஒரு பக்கம்

தனியாகத் தொழில் தொடங்கியதும் கிடைத்த முதல் ஆள், தி. நகரில் ரவிக்கை தைக்கும் அன்வர் பாய். "தைச்சாச்சா?" என்று நாளெல்லாம் போன் வருகிறது, அதை இணையத்தில் போட்டுவிடு என்றார். போட்டேன். ஒவ்வொரு தடவையும் சர்வர் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் கடைக்கே நடந்து வந்துவிடலாம். பாய் மூன்று நாள் பொறுத்தார்.

"ஏம்மா, கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கவே எனக்கு இவ்ளோ நேரம் ஆகாதே!"

வேகமாக ஒரு பக்கம்

ரோஷம் வந்துவிட்டது. ஆர்டரை முழுசாக ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பி, "ஒரு வாரம் பத்திரமாக வைத்துக்கொள்" என்று போனுக்குச் சொல்லிவிட்டேன். தொட்டதும் திறந்தது. ஆனால் ரவிக்கை தயாரான பிறகும், அடையாறிலிருந்த ஒரு அம்மாவின் போன் பழைய நகலையே காட்டி "தையலில்" என்றது. அவர் பழைய ரவிக்கையில் வளைகாப்புக்குப் போய்விட்டு நேரே கடைக்கு வந்தார்.

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, என் போனுக்கு மட்டும் சொல்லலையா?"

மாறாத அளவு

திருத்தினேன். தைத்தாயிற்றா என்பதை மட்டும் போன் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் புதிதாகக் கேட்கும். மற்றதை ஒரு வாரம் வைத்துக்கொள்ளும். அளவு எங்கே மாறப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்து மயிலாப்பூர் மாமி ஒருவரின் ஆர்டரைத் திறந்து பார்த்தேன். பாய் தனக்காக எழுதிவைத்த குறிப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்: "கைச்சுற்று: மாமி சொல்றது 12. நாம வைக்கிறது 13½. சொல்ல வேண்டாம்."

சர்வரில் உடனே அழித்தேன். மாமியின் போனோ காலையிலேயே நகலை எடுத்திருந்தது. அதற்குள் என் கை போகாது. இருபது வருஷ வாடிக்கை, மகள் கல்யாணத்துக்கு முப்பது ரவிக்கை. பாய் என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "மாமி இனி வரமாட்டாங்கம்மா" என்றார்.

மாமி வந்தார்

மறுநாளே வந்தார், கையில் போனோடும் ஒரு பையோடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பைச் சத்தமாகப் படித்தார். பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். நான் மேஜைக்கடியில் இடம் பார்த்தேன். மாமி பையிலிருந்த ரவிக்கைத் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

"இத்தனை வருஷமா எனக்கு ரவிக்கைக் கை இறுக்கிப் பிடிக்காம இருந்ததுக்கு நீர்தான் காரணமா பாய்? நான் இன்னமும் பன்னெண்டுன்னுதான் சொல்வேன், நீர் வைக்கறதை வையும். இந்தப் பொண்ணு கண்ணுல மட்டும் காட்டாதீர்!"

இப்போதெல்லாம் எந்தப் பொட்டலத்தைக் கட்டினாலும் முதலில் அதை மாமி சத்தமாகப் படிப்பதாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.