இடப்பக்கம் இழுக்கும் வண்டி

போன வெள்ளிக்கிழமை காலையில் சுசீந்திரம் கோயில் வாசலில் என் வண்டிக்குப் பூஜை போட்டேன். என் வண்டி என்பது வாய்ப்பழக்கம். அது அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். தொழுவத்தில் வைக்கோலுக்குள் கிடந்ததை மாசக்கணக்கில் மெனக்கெட்டுப் புதுசாக்கியிருந்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினேன். கற்பூர வாசனை சட்டையோடு வந்தது. வயல்களுக்கு நடுவே நேர் ரோட்டில் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். வண்டி தன் பாட்டுக்கு இடப்பக்கம் நகர்ந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் குடும்பம் இரண்டாகப் போனதே இந்த இழுப்பால்தான்.

அப்பா அந்த வண்டியை வாங்கும்போதே பழசு, பச்சை நிறம். தவளை மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னதும் மறுவாரமே மெரூன் அடித்துவிட்டார். ஓட்டுவதைவிடத் துடைப்பதில்தான் அவருக்கு ஆசை. ஓட்டினாலும் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பார். அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, திருவட்டாறில் பெண் பார்க்கப் போக ஒருநாள் வண்டியைக் கேட்டு வாங்கிப் போனார். பெண் அமைந்தது. மறுநாள் அப்பா, இவன் எங்காவது கீழே போட்டிருப்பானோ என்று சோதிப்பதற்காகவே, முதல்தடவையாகப் பிடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் இழுத்தது.

"எங்கல கொண்டு போட்ட?"

"நான் போடல்லண்ணே."

சுசீந்திரத்தில் ஒரு காலத்தில் கொதிக்கிற நெய்யில் கையை முக்கவைத்து உண்மையைச் சோதித்தார்களாம். எங்கள் ஆட்கள் கற்பூரம் போதும் என்று விட்டார்கள். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, சித்தப்பா அதை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "எனக்க கையில இருந்து வண்டி விழல்ல." எரிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார். அப்பா, "கற்பூரத்துக்கு என்ன தெரியும்? வண்டி சொல்லுதுல்லா" என்று நடந்துவிட்டார். சித்தப்பா கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அவர் தேரூருக்குக் குடிபோனார். அப்பா இறந்த அன்று சுடுகாட்டுக்கு மட்டும் வந்தார். வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சத்தியத்தைப் பொய்யாகச் செய்தாரா இல்லையா என்பது மட்டும் எங்கள் வீட்டில் முள்ளாகக் கிடந்தது.

சந்தேகம் எனக்கும் அப்பா வழிச் சொத்து. பால்காரர் சிரித்தால்கூடப் பாலில் தண்ணீர் என்று நினைப்பேன். முதலில் மெக்கானிக் தங்கராஜைச் சந்தேகப்பட்டேன்.

"சாரே, ரோடு ஓரம் சரிஞ்சு கெடக்கு. எந்த வண்டியும் எடதாட்டுதான் போவும்" என்றார்.

தப்பிக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஆளில்லாத ரோட்டில் வலதுபக்க ஓரமாகவே ஓட்டிப் பார்த்தேன். அங்கே சரிவு எதிர்ப்பக்கம். அப்போதும் இடப்பக்கம்தான் இழுத்தது. பிறகு டயர்க்காரர்மேல் சந்தேகம். காற்று சரியாக இருந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினோம், ரிம்மில் நெளிவு இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம், அது திரும்புகிற கோன் செட் பேரிங் கெட்டியாக இருந்தது. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்தோம். நூல் லேசாக விலகியது. ஃபோர்க் குழாய்கள்தான் வளைந்திருக்கும், சித்தப்பா மாட்டிக்கொண்டார் என்று மனசு துள்ளியது. கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினார் தங்கராஜ். இரண்டும் நேர்.

மிச்சம் இருந்தது, ஃபோர்க் நுழைகிற சேசிஸின் கழுத்து. அதன் அடியில் ஒரு மேடு கைக்குத் தட்டுப்பட்டது. அங்கே பெயிண்ட் தடிப்பாக இருந்தது. பழசையெல்லாம் சுரண்டிவிட்டுத்தான் அடித்தேன் என்று, வண்டிக்குக் கறுப்பு அடித்த பெயிண்டர் கடவுள்மேல் சத்தியம் செய்திருந்தார். பிளேடால் சுரண்டினேன். மேலே என் கறுப்பு. அதற்கடியில் அப்பாவின் மெரூன். அதற்கும் அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் வெல்டிங் தழும்பு.

கழுத்து உடைந்து ஒட்டவைத்த பிறகுதான் பச்சையே அடித்திருக்கிறார்கள். அப்பா வாங்கியதே இடிபட்ட வண்டி. பெயிண்டர் ஏமாற்றாமல் பச்சையையும் சுரண்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

ஃபோர்க்கை மாட்டியதும் அதே வண்டியில் தேரூர் போனேன். சித்தப்பா முற்றத்தில் நின்றார். வண்டியைப் பார்த்ததும் டேங்கைத் தடவினார்.

"இன்னும் எடதாட்டு இழுக்காலே?"

போடாதவருக்கு இது எப்படித் தெரியும் என்று, அந்த நேரத்திலும், என் புத்தி கேட்டது. நான் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார்:

"திருவட்டாறு போன அன்னைக்கே தெரியும் மக்கா. இடிச்ச வண்டிய அண்ணன் தலையில கெட்டிட்டானுவ. சொல்லணும்னுதான் வந்தேன். அவன் துண்டோட ஓடிவந்து டேங்கைத் தொடைக்கான், பச்சப்பிள்ளை மாதிரி சிரிக்கான். எப்படிலே சொல்லுவேன்?"

"சண்டை வந்தப்பமாவது சொல்லியிருக்கலாம்லா சித்தப்பா?"

"கற்பூரத்தையே நம்பல்ல. என்னையா நம்பப்போறான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வாங்க என்றேன். மறுக்காமல் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நான் வலப்பக்கம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் இறங்கியதும் உள்ளே போகாமல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணன் வண்டிய நிப்பாட்டித் தொடைப்பானே, அந்தப் புளியமூடு எங்கலே?"

புளியமரத்தை வெட்டி வெகுகாலமாயிற்று. அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த்தொட்டி. காட்டினேன். சித்தப்பா அதனருகே போய், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.